குமரியில் முதியோர் இல்லம் தேடுகிறீர்களா? கூடத்தைத் தாண்டி உள்ளே போங்கள்

எங்கள் பெரியம்மாவை முதன்முதலில் சேர்த்த இல்லத்தின் வாசலில் புல்தரை இருந்தது. கூடத்தில் கிரானைட் மின்னியது. பொறுப்பாளர் எங்களுக்குக் காபி கொடுத்து, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி அம்மச்சிக்கு நாங்கதான் பிள்ளைகள்" என்றார். வளைகுடாவில் இருக்கும் அண்ணன்மார் வீடியோ காலில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டோம்.

ஐந்தாவது வாரம் ஒருநாள் போர்வை விலகியபோது, இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்த வட்டம். தொட்டால் கொழகொழவென்று இருந்தது. "அது சாக்ஸ் உரசினது" என்றார் அங்கே வேலைக்கு நின்ற அக்கா. பெரியம்மா ஆயுளில் சாக்ஸ் போட்டதில்லை.

அப்புறம் வேறு இடம் தேடி தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமெல்லாம் ஏறி இறங்கினேன். பிறகு சொந்தத்தில் இன்னும் இரண்டு பேருக்காக அதே அலைச்சல். அதில் கற்றதைத்தான், முதல்முறையாகத் தேடுகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். ஒரு சின்ன எச்சரிக்கை: நம் ஊரில் 'நர்சிங் ஹோம் எங்கே இருக்கு?' என்று கேட்டால் பிரசவம் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் வழி காட்டுவார்கள். 'முதியோர் இல்லம்' என்று கேளுங்கள். படுக்கையில் இருப்பவர் என்றால், 'கிடப்பு நோயாளிகளையும் எடுப்பீர்களா?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எழுந்து நடமாடுகிறவர்களை மட்டும் சேர்க்கும் இல்லங்கள் நிறைய உண்டு.

முதலில் வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு தாளில் உங்கள் அம்மாவோ அப்பாவோ இன்று எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். தானாக எழுந்து கழிவறைக்குப் போகிறாரா? கையால் எடுத்துச் சாப்பிடுகிறாரா, ஊட்டிவிட வேண்டுமா? இரவில் எத்தனை முறை எழுகிறார்? மறதி உண்டா, வீட்டைவிட்டு இறங்கி நடந்துவிடுவாரா? சர்க்கரை, பிரஷர், என்னென்ன மாத்திரை? கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே? நாம் கூச்சப்பட்டுச் சிலதை மறைப்போம். படுக்கையில் சிறுநீர் போவதைச் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம். மறைத்தால் இரண்டாம் வாரமே 'நீங்கள் சொல்லவில்லையே' என்று போன் வரும், மாதக் கட்டணமும் ஏறும்.

இந்தத் தாளை எல்லா இடத்திலும் நீட்டி ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இன்றைக்கு நடக்கிறார். ஆறு மாதத்தில் நடக்க முடியாமல் போனால் வைத்துக்கொள்வீர்களா?" பதில் இழுபறியாக இருந்தால் அந்த இடம் உங்களுக்குத் தற்காலிகம்தான்.

எங்கே என்பது

தூரத்தில் இருக்கும் மிக நல்ல இல்லத்தைவிட, வாரம் ஒருமுறை யாராவது எட்டிப்பார்க்க முடிகிற சுமாரான இல்லம் மேல் என்பது என் அனுபவம். பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால், வரப்போகிற ஆள் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சித்தி மகனோ, பக்கத்து வீட்டுக்காரரோ. அவர் வீட்டிலிருந்து பஸ்ஸோ பைக்கோ அரைமணி நேரத்தில் போகிற இடமாகப் பாருங்கள். ஆள் வந்துபோகிற முதியவரிடம் பணியாளர்களுக்கே ஒரு கவனம் வந்துவிடும். மனித இயல்பு அது.

அடுத்து ஆஸ்பத்திரித் தூரம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ, தக்கலை, குழித்துறை, குளச்சல் அரசு ஆஸ்பத்திரிக்கோ எவ்வளவு நேரம் என்று நீங்களே ஒரு மாலையில் ஓட்டிப் பாருங்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் இருந்தும் கீழே நெரிசலில் மாட்டினால் மாட்டியதுதான். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே காற்றோட்டமாக இருக்கும் இல்லத்தின் கடைசி அரைக் கிலோமீட்டரில் 108 வண்டி திரும்புமா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்பதை இல்லத்தில் கேட்காமல், வழியில் இருக்கும் டீக்கடையில் கேளுங்கள்.

பேச்சும் முக்கியம். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பக்கத்து அம்மச்சிக்கு மலையாளம் கலந்து பேசுகிற பணியாளர் சொந்தக்காரி மாதிரி. கிழக்கே அகஸ்தீஸ்வரத்துக்காரருக்கு அதே பேச்சு பாதிதான் புரியும். வயிறு வலிக்கிறது என்பதை எந்த வார்த்தையில் சொன்னாலும் புரிந்துகொள்கிற ஆள் பக்கத்தில் வேண்டும்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். சமூக நலத்துறையில் இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். 'எங்களிடம் நர்ஸ் இருக்கிறார்' என்றால் ஏ.என்.எம்.மா (துணை நர்ஸ் படிப்பு), ஜி.என்.எம்.மா (முழு நர்ஸ் டிப்ளமோ), தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேளுங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவரெல்லாம் நர்ஸ் இல்லை. ஆறு மாத ஹோம் நர்ஸ் பயிற்சி முடித்தவர் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கலாம்.

சொத்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். கட்டணத்துக்குப் பதிலாக வீட்டையோ பத்து சென்ட் தோப்பையோ எழுதிக் கொடுத்தால் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வோம் என்று கேட்கும் இடங்களும், அப்படிக் கேட்கும் உறவினர்களும் உண்டு. என்னைக் கேட்டால் கொடுக்காதீர்கள் என்பேன். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவு, அப்படி நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காமல் விட்டால் செல்லாது என்று அறிவிக்க வழி தருகிறது. மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள். வாய்வார்த்தை நிபந்தனையை வைத்துக்கொண்டு அங்கே போனால் கஷ்டம்.

மூன்று முறை போங்கள்

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். அன்று பார்ப்பது அவர்கள் காட்ட விரும்புவது; அதுவும் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது தடவை சொல்லாமல், பகல் பதினொன்றரை மணிக்குப் போங்கள். மூன்றாவது தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்குமேல். ஞாயிறு ஏன் என்றால் பாதிப் பணியாளர் கோயிலுக்கோ வீட்டுக்கோ போயிருப்பார்கள். மிச்சம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அந்த இல்லத்தின் உண்மைப் பலம். வாசலிலேயே தடுத்து, 'பார்வை நேரம் முடிந்தது, நாளை வாருங்கள்' என்று பணிவாகச் சொன்னால் குற்றமில்லை. முதியவர்கள் உறங்குகிற நேரம். ஆனால் மூன்று தடவையும் கூடத்தைத் தாண்டவே விடவில்லை என்றால் நான்காவது தடவை போக வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் மூக்கைத் திறந்து வையுங்கள். ஒரு கட்டிலருகே மட்டும் சிறுநீர் வாடை வந்தால் அது இப்போது நடந்தது, யாரோ மாற்றப் போகிறார்கள். வராந்தா முழுக்க, மெத்தைக்குள் இறங்கிய பழைய வாடை என்றால் அது பல மாதக் கதை. பினாயில் நெடி தலைவலிக்கிற அளவுக்கு இருந்தாலும் நம்பாதீர்கள்.

துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள். இது குமரிக்கே உரிய சோதனை. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. துணி மூன்று நாள் காயாது. நாற்பது பேர் படுக்கைவிரிப்பை எங்கே காயப் போடுகிறார்கள்? ஷீட் போட்ட மொட்டை மாடி, உலர்த்தும் மெஷின், குறைந்தது மாற்று விரிப்பு அடுக்கு என்று ஏதாவது இருக்க வேண்டும். நான் பார்த்த ஓர் இடத்தில் ஈர விரிப்பையே ஃபேன் காற்றில் காயவிட்டு, ஆளைப் பிளாஸ்டிக் ஷீட்டின்மேல் கிடத்தியிருந்தார்கள். முதுகு வேர்த்து ஊறினால் தோல் இளகும்.

படுத்திருப்பவர்கள் அறை

பேச முடிகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். ஆகவே பேச முடியாதவர்கள் இருக்கும் அறைக்குப் போங்கள். அடுத்தவர் போர்வையை விலக்கிப் பார்க்க நமக்கு உரிமையில்லை. தேவையும் இல்லை, வெளியே தெரிவதே போதும். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு வெடித்திருக்கிறதா, கண்ணோரத்தில் பீளை காய்ந்திருக்கிறதா? கண்ணாடி போடுகிறவருக்குக் கண்ணாடி முகத்தில் இருக்கிறதா, அலமாரியிலா? பல்செட் டப்பாவில் பெயர் எழுதியிருக்கிறதா? யூரின் பேக் தரையில் கிடக்கிறதா, கட்டில் கம்பியில் இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா? கால் கெண்டைக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் மிதக்க விட்டிருந்தால், அங்கே வேலை தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஒரு தலையணை எங்கள் பெரியம்மாவுக்குக் கிடைத்திருந்தால் அந்தக் கறுப்பு வட்டம் வந்திருக்காது.

படுக்கைப் புண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நிற்கிறது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், பின்தலை ஆகியவைதான் முதலில் அடிவாங்கும் இடங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கமான முறை. ஏர் பெட் (காற்றடைத்த மெத்தை) இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். 'ஏர் பெட் போட்டிருக்கோம் சார், திருப்ப வேண்டாம்' என்று யாராவது சொன்னால் அவருக்கு வேலை தெரியவில்லை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளிறி, விட்டதும் மறுபடி சிவக்க வேண்டும். வெளிறவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. ஆனால் நம்மில் பலருக்குத் தோல் கறுப்பு, சிவப்பே தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ, சூடாகவோ, இறுகியோ கொழகொழவென்றோ இருந்தால் அதே எச்சரிக்கை.

திருப்பிப் படுக்க வைக்கும் அட்டவணை கட்டில் காலடியில் தொங்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓர் இல்லத்தில் நான் காலை பதினொரு மணிக்குப் பார்த்தேன். மாலை நான்கு மணிக்கான கட்டத்தில் டிக் போட்டிருந்தது, கையெழுத்தோடு. ஒரே பேனா, ஒரே சாய்வு, வாரம் முழுக்க. இன்னோர் இடத்தில் அட்டவணை அழுக்காக இருந்தது. நடுவே இரண்டு கட்டம் காலி, ஓரத்தில் 'இருமல், திருப்பவில்லை, சிஸ்டரிடம் சொன்னேன்' என்று கிறுக்கல். பெரியம்மாவை அங்கேதான் சேர்த்தோம்.

சாப்பாட்டு நேரம்

பதினொன்றரைக்குப் போகச் சொன்னதன் காரணம் இதுதான். முடிந்தால் காசு கொடுத்து அங்கேயே சாப்பிடுங்கள். சம்பா அரிசிச் சோறு குழைந்திருக்கிறதா, மீன் குழம்பில் முள் எடுத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். சாளை மீன் முள் ஒன்று தொண்டையில் போதும். பல் இல்லாதவருக்குக் கஞ்சியும் பயறும் துவையலும் நல்ல சாப்பாடு. மூன்று வேளையும் வெறும் கஞ்சி என்றால் உடம்பு உருகிவிடும்.

ஊட்டுகிறவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா? நின்றுகொண்டு ஊட்டினால் முதியவர் தலையை அண்ணாந்து விழுங்குவார், புரையேறும். ஒரு ஆளே ஐந்து பேருக்குக் கரண்டியை மாற்றி மாற்றி நீட்டினால் யாருக்கும் வயிறு நிறையாது. மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவருக்குத் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரைமணி நேரமாவது தாழ்த்தக் கூடாது.

இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஐந்தரைக்கே முடித்துவிட்டு, காலை எட்டரைக்கு இட்லி என்றால் நடுவே பதினைந்து மணி நேரம். இன்சுலின் போடுகிறவருக்கு விடியற்காலையில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும் ஆபத்து. படுக்கும் முன் பாலும் ஒரு மட்டி வாழைப்பழமும் கொடுக்கிறார்களா, யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

மாத்திரை, இரவு, மின்சாரம்

மாத்திரைகள் ஒவ்வொருவர் பெயரிலும் தனி டப்பாவில் இருக்க வேண்டும். கொடுத்தவர் கையெழுத்து அப்போதே விழ வேண்டும். இன்சுலின் ஃபிரிட்ஜில், மீனோடு சேர்க்காமல், ஃபிரீசருக்கும் போகாமல். பகல் பதினொரு மணிக்கு அறையே தூங்கிக்கொண்டிருந்தால், 'அமைதியா இருக்காங்க' என்பதை நம்பாமல், தூக்க மாத்திரை யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருப்பதைப் பார்த்தால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

இரவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டால் 'நாலு பேர்' என்பார்கள். எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். அனுமதி கேட்டுவிட்டு ஒரு கட்டிலின் பெல்லை அழுத்திவிட்டு நேரம் பாருங்கள். பெல்லே இல்லாத இடத்தில் கூப்பிட்டுப் பாருங்கள். கழிவறையில் பிடித்து எழக் கம்பி, வழுக்காத தரை, இரவு விளக்கு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தால் போதும், கேட்க வேண்டியதில்லை.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் அடித்தபோது மரமும் மின்கம்பமும் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அப்போது இருந்த இல்லம் என்றால், அந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்; அதில் யார் தண்ணீர் சுமந்தார், ஆக்சிஜன் மெஷின் எப்படி ஓடியது என்பதிலேயே நிர்வாகம் தெரிந்துவிடும். அதன்பின் வந்த இல்லம் என்றால் ஜெனரேட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பணம்

மாதக் கட்டணத்துக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், பிசியோதெரபி, டாக்டர் பீஸ், முடிவெட்டு ஒவ்வொன்றும் தனித்தனி பில்லாக முளைக்கும். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும்? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பைஸ்டாண்டராக, அதாவது கூட இருந்து பார்க்கும் ஆளாக யார் நிற்பது, அந்த நாட்களுக்கும் இல்லத்துக்கு முழுக் கட்டணமா? எங்கள் அண்ணன்மார் துபாயிலிருந்து வந்து சேர்வதற்குள் இரண்டு ராத்திரி நான்தான் ஆஸ்பத்திரித் தரையில் படுத்தேன். ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்குக் கிடைத்தது.

சேர்த்த பிறகு முதல் மாதம்

சேர்க்கிற அன்றே நர்ஸை வைத்துக்கொண்டு உச்சி முதல் பாதம் வரை தோலைப் பாருங்கள். ஏற்கனவே உள்ள தழும்பு, புண் எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு வருவது யார் பொறுப்பு என்ற சண்டை வராது. துணி, கண்ணாடிக் கூடு, பல்செட் டப்பா எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள்.

எடையைக் குறித்து வையுங்கள், மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ இறங்கினால், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். 'வயசாச்சு, அப்படித்தான்' என்பது பதிலாகாது. வாரவாரம் ஒரே நேரத்துக்குப் போகாதீர்கள். செவ்வாய் மாலை, அடுத்த வாரம் சனி காலை என்று மாற்றி மாற்றிப் போங்கள்.

குறை தெரிந்தால் எடுத்த எடுப்பில் சண்டை வேண்டாம். நாம் கிளம்பிய பிறகு அங்கே இருக்கப்போவது அவர்தான். பொறுப்பாளரிடம் தனியாக, தேதியோடு சொல்லுங்கள். ஒரு வாரத்தில் மாற்றமில்லை என்றால் எழுத்தில் கொடுத்து நகல் வையுங்கள். அடி, பட்டினி, கட்டிப்போடுதல் என்றால் காத்திருக்காமல் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கும், முதியோர் உதவி எண் 14567-க்கும் சொல்லுங்கள்.

பெரியம்மாவின் குதிகால் ஆற நான்கு மாதம் ஆனது. இப்போதும் நான் போனால், நலம் விசாரிப்பதற்கு முன் கால்மாட்டுக்குத்தான் போகிறேன். "வந்ததும் காலைப் பிடிக்கான், என்ன வேணுமாம் இவனுக்கு?" என்று பக்கத்துக் கட்டில் அம்மச்சியிடம் கேட்பார். போன வாரம் அந்த அம்மச்சி, தன் காலையும் கொஞ்சம் பார்க்கச் சொன்னார். நர்ஸிடம் கேட்டுவிட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது, நகம் மட்டும் வெட்ட வேண்டியிருந்தது.